குளோரியா பிளேட்

எங்கள் கம்பெனியின் ஆண்டு மலரில் குளோரியா அக்காவைப் பற்றி நான்கு வரி போட்டிருந்தார்கள். ‘அர்ப்பணிப்பும் புன்னகையும் நிறைந்தவர்’ என்று அதில் ஒரு வரி. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினான்கு வருஷமாக அவரோடு வேலை செய்கிறேன். ஆய்வகத்துக்குள் எப்போதும் முகமூடி போட்டிருப்பார். அந்தப் புன்னகையை யார் பார்த்தார்களாம்? வெளியே வந்தாலும் லேசில் சிரிக்கிற ரகம் இல்லை. அவரைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டியதை அந்த மலரில் ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை. சொன்னால் கம்பெனிக்கு அழகில்லை என்று நினைத்திருப்பார்கள். ஆகவே நானே எழுதுகிறேன்.

என் பெயர் அலர்மேல்மங்கை. சொந்த ஊர் திருப்பத்தூர், இப்போது சந்தாபுராவில் வீடு. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் தர உறுதிப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பிறவிக் குணத்துக்கு ஏற்ற உத்தியோகம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. நோட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. வெள்ளை மை தடவக் கூடாது. தாளைக் கிழித்தால் வேலையே போய்விடும். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும்; கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் நடத்துகிற பாடம் இதுதான். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள்.

குளோரியா அக்கா காக்ஸ் டவுன்காரர். அங்கேயே பிறந்து, அங்கேயே மாதா கோயிலில் கல்யாணம் முடித்து, அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடி போனவர். கணவர் ஆம்ப்ரோஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டுத் தனக்கு மட்டும் சர்க்கரை வியாதியைச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் இனிப்பை எங்கே ஒளித்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார் என்று அக்கா புலம்புவார். இந்த ஆம்ப்ரோஸ் மாஸ்டரின் நாக்கு பின்னால் ஒரு பெரிய காரியம் செய்யப் போகிறது. அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பி.யு.சி.யோடு, அதாவது பன்னிரண்டாவதோடு, படிப்பை நிறுத்தியவர். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் கண்ணாடிப் பாட்டில் கழுவுகிற வேலைக்குத்தான் இங்கே சேர்ந்தார். அப்போதெல்லாம் செல்களைக் கண்ணாடிப் பாட்டிலில் வளர்த்தார்களாம். ஒரு தடவை அக்கா ஒரு வாரம் லீவு. அந்த வாரம் பாட்டில் பாட்டிலாகச் செல்கள் செத்தன. டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அக்கா திரும்பி வந்து ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சோப்பு போகல. ரெண்டு தண்ணி தான் ஊத்திக்கினு இருக்காங்க. அஞ்சு தண்ணி ஊத்தணும்” என்றாராம். அந்த மாதமே அவரைக் கழுவும் அறையிலிருந்து செல் வளர்க்கும் அறைக்கு மாற்றினார்கள். இன்று எங்கள் கூடத்தில் செல் வேலை தெரிந்த எல்லோருக்கும் கைப்பழக்கம் அவரிடமிருந்து வந்ததுதான். இருந்தாலும் பழைய ஆட்கள் சிலர் முதுகுக்குப் பின்னால் ‘கழுவுற குளோரியா’ என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவரும் கேட்டிருக்கிறார்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். வாய் கொப்பளிக்கும் மருந்து, பற்பசை, தைலம் என்று கம்பெனிகள் கடைக்கு அனுப்பும் முன்னால் இங்கே அனுப்பும். அது உடம்பின் செல்லைக் கொல்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு இணைப்புத் திசுவின் செல்களை வைத்திருக்கிறோம். உடம்பில் ஒரு காயம் பட்டால் அந்த இடத்தை இழுத்து ஒட்டவைத்து மூடுகிற செல்கள் அவை. எங்களிடம் இருப்பவை எப்போதோ ஒரு எலியிடமிருந்து எடுத்து, இன்றுவரை சாகாமல் பெருகிக்கொண்டே வருகிறவை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதைப் பிளேட் என்போம். அதில் தொண்ணூற்றாறு குழிகள். குழிக்குள் செல்களை விட்டு, ஒட்டி வளர்ந்ததும், மருந்தைப் பல அளவுகளில் கரைத்து ஊற்றுவோம். ஒரு நாள் கழித்து மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கிற செல் மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்த செல் மாற்றாது. எத்தனை ஊதாவோ அத்தனை உயிர்.

ஒரு பிளேட்டுக்கு ஒரு சாம்பிள் என்பதுதான் வழக்கம். நடுவில் மருந்துக் குழிகள். இரண்டு ஓரத்திலும் மருந்தே படாத செல்கள். அவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. ஓரத்துச் செல்களின் ஊதாவை நூறு என்று வைத்துக்கொண்டு, மருந்து பட்ட செல்களின் ஊதா எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். எழுபதுக்கு மேல் என்றால் தேர்ச்சி.

பதினோரு வருஷத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பிளேட் பெட்டிகள் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டன. கையில் இருந்ததோ ஒரு பெட்டி. வேலையோ தலைக்கு மேல். அப்போது குளோரியா அக்கா தாளில் கட்டம் போட்டுக் கொண்டுவந்தார். ஒரே பிளேட்டில் இரண்டு சாம்பிள். ஒன்று இடது ஓரத்து ஒப்பிடும் செல்களை அடுத்து, கடுமையான அளவில் தொடங்கி உள்நோக்கி லேசாகிக்கொண்டே வரும். இன்னொன்று வலது ஓரத்திலிருந்து அதே மாதிரி. லேசான அளவுகள் நடுவில் சந்திக்கும். பார்த்தவர்கள் எல்லாம் அசந்துபோனார்கள். பிளேட் பெட்டிகள் பிறகு வந்து சேர்ந்தன. ஆனாலும் அந்த முறையை யாரும் விடவில்லை. அப்போதைய இயக்குநர் அதை அச்சடித்து, ‘குளோரியா பிளேட்’ என்று தலைப்புப் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் செல் அறை வாசலில் மாட்டினார். அதற்குப் பிறகு பல வருஷம் ‘கழுவுற குளோரியா’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சட்டத்தைக் கடக்கும்போது அக்கா அதைப் பார்க்காத மாதிரிதான் போவார். ஆனால் சனிக்கிழமை தோறும் கண்ணாடியைத் துடைப்பது அவர்தான்.

போன நவம்பரில் ஒரு பல் மருந்துக் கம்பெனி இரண்டு வாய் கொப்பளிக்கும் திரவங்களை அனுப்பியது. ஒன்று புதினா, மற்றது கிராம்பு. பல் பிடுங்கிய பிறகு புண் ஆறும்வரை கொப்பளிப்பதற்கு. அக்கா தன் பிளேட்டில் இரண்டையும் சேர்த்துப் போட்டார். கிராம்புக்கு எழுபத்தெட்டு வந்தது, புதினாவுக்கு எண்பத்திரண்டு. இரண்டும் தேர்ச்சி. அக்கா கையெழுத்துப் போட்டார், காகிதங்களைச் சரிபார்த்து நானும் போட்டேன். அறிக்கை போய்விட்டது.

டிசம்பர் முதல் வாரம் அக்கா எனக்கு ஒரு டப்பா ரோஸ் குக்கீஸ் கொண்டுவந்தார். வருஷா வருஷம் கொண்டுவருவார். பூ மாதிரி அச்சில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. மதியம் கேன்டீனில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். எனக்கு வாயைக் கட்டத் தெரியாது.

“அக்கா, என்னக்கா இது? பூச்சி உருண்ட வாசன அடிக்குது. பீரோவுலயா சுட்டீங்க?”

அக்கா ஒன்றை எடுத்து முகர்ந்தார். “அய்யோ, ஆமா. பட்டுப்பொடவை பீரோல தான் வச்சேன் மா. அவருக்குத் தெரியக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சேன். ஆனா உருண்டை இருந்தது கீழ்த்தட்டுல. டப்பாவுக்கு மூடி போட்டு மேல்தட்டுல வச்சேன். தொடவே இல்லையே.”

“தொடணும்னு என்ன இருக்கு? மூடி சந்துல பூந்துருக்கும்” என்று நான் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. கையில் இருந்த குக்கீயையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். முகம் சுண்டிப்போனது. விளையாட்டாகச் சொன்னது மனசில் தைத்துவிட்டதோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. “கோவமாக்கா?” என்று கேட்டேன். “இல்ல மா. என் பிளேட் மூடியும் இப்புடி தானே, லூசா உக்காந்துருக்கும்” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்து போனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே மறுநாள் வந்து புரியவைத்தார். பிளேட்டின் மூடி லேசாகத்தான் உட்காரும். செல்லுக்குக் காற்றுப் போக வேண்டும் அல்லவா? கிராம்பு எண்ணெயும் புதினா எண்ணெயும் ஆவியாகிற சரக்கு. ஆவி மூடிக்கு அடியில் பரவி அடுத்த குழியில் இறங்கும். வழக்கமான பிளேட்டில் கடுமையான அளவு ஒரு ஓரத்தில் மட்டும் இருப்பதால் அந்த ஓரத்துச் செல் மட்டும் வாடும். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் வந்து குட்டு வெளிப்பட்டுவிடும். குளோரியா பிளேட்டில் இரண்டு ஓரத்திலும் கடுமையான அளவுகள். இரண்டு ஓரத்துச் செல்களும் சமமாகச் சாகும். இடதும் வலதும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, எல்லாம் சரி என்று நாங்கள் கையெழுத்துப் போடுவோம். பாதி செத்துப்போன செல்லை நூறு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எந்த விஷமும் தேர்ச்சி பெறும்.

“நா பாத்தேன் மங்கா” என்றார் அக்கா. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். “சாயம் ஊத்தறதுக்கு முன்னாடி மைக்ராஸ்கோப்ல பாத்தேன். ஓரத்து செல்லு கொஞ்சம் உருண்டையா தான் இருந்துது. கரன்ட் போய் வந்துதே, அதனால இருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கினேன். என் பிளேட்டு மேல எனக்கு சந்தேகமே வரல பாரு.”

மூன்று நாளில் மறுபடி செய்து பார்த்தார். கிராம்பையும் புதினாவையும் தனித்தனி பிளேட்டில் போட்டார். ஒப்பிடும் செல்களை இன்னொரு பிளேட்டில், செல் வளர்க்கிற வேறு வெப்பப் பெட்டியில் வைத்தார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். சாயம் மாறி முடிந்ததும் மூன்று பிளேட்டையும் வெள்ளைத் தாளின் மேல் வைத்தார். மருந்து படாத செல்கள் நல்ல கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. போன மாதம் நான் சரிபார்த்த பிளேட்டின் படம் என் கையில் இருந்தது. அதில் இதே செல்கள் வெளிறிப்போய் இருந்தன. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். கிராம்புக்கு ஐம்பத்திரண்டு வந்தது. புதினாவுக்கு ஐம்பத்தைந்து.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு அசிங்கத்தைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயம். புண்ணோடு கொப்பளிக்கப் போகிறவர்களைப் பற்றி இல்லை. என் கையெழுத்தைப் பற்றி. பதினோரு வருஷ அறிக்கைகளில் அது இருக்கிறது.

“அக்கா, கொஞ்சம் யோசிங்க. வாயில அரை நிமிஷம் வச்சு துப்பப் போறாங்க. நம்ம பிளேட்ல ஒரு நாள் பூரா ஊற வைக்கறோம். அதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்!” என்றேன்.

“அதுக்கு தானே கரைச்சு ஊத்தறோம். பல்லு புடுங்கின குழியில தண்ணி நிக்கும் மா, துப்பினாலும் போகாது” என்றார். பிறகு பிளேட்டை மூடிக்கொண்டே, “இதுல இன்னொண்ணு இருக்கு. புண்ணு ஆறலன்னா அந்த ஆளு இன்னா நெனைப்பான்? பல்லு புடுங்கினா வலிக்கும், ஆற நாளாகும்னு தான் நெனைப்பான். கொப்பளிக்கிற மருந்த சந்தேகப்படவே மாட்டான். இன்னும் நாலு தடவை கூட கொப்பளிப்பான். எவனும் வந்து நம்மள கேக்கப் போறதில்ல. அது தான் எனக்கு பயமா கீது” என்றார்.

நான் கையில் இருந்த பிளேட் படத்தைக் கோப்புக்குள் வைத்தேன். இருவரும் ஆய்வகத் தலைவரைப் பார்க்கப் போனோம்.

சிவசங்கரன் சார் எங்கள் ஆய்வகத் தலைவர். கோயம்புத்தூர்க்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கிராம்பு, புதினா இரண்டு அறிக்கைகளையும் திரும்பப் பெற வேண்டும் என்று உடனே ஒப்புக்கொண்டார். அதில் அவருக்குத் தயக்கமே இல்லை. காரணம் என்ன என்று எழுதுவதில்தான் சிக்கல்.

“மேடம், கை தப்புன்னு போட்டுக்கலாம்ங்க” என்றார். “பைப்பெட்ல அளவு தவறிருச்சு, அவ்ளோதான். ரெண்டு நாள் மறுபயிற்சி, மறுபடி வேலைக்கு வந்தர்லாம். இந்த ரெண்டு ரிப்போர்ட்டோட முடிஞ்சு போகுமுங்க. முறையே தப்புன்னு எழுதுனா பதினோரு வருஷத்தயும் தோண்டோணும். விசாரணை முடியற வரைக்கும் நீங்க செல் ரூமுக்குள்ள வர முடியாதுங்க. அது உங்க பேர்ல இருக்கற முறைங்க மேடம். யோசிச்சுப் பாருங்க.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். அக்காவுக்கும் அது தெரியும். அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம், அக்காவுக்குப் பட்டம் கிடையாது என்பது. அவருக்குக் கீழே வேலை செய்கிற ஸ்னேஹா எம்.எஸ்சி. வாசலில் மாட்டிய அந்தக் கண்ணாடிச் சட்டம்தான் அவருடைய பட்டம். அதைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது பி.யு.சி.யும் கழுவும் அறையும்தான்.

தவறு அறிக்கைப் படிவத்தை நான் முன்னாலேயே தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். ‘காரணம்: பரிசோதனையாளரின் கைத்தவறு’ என்று. சார் கேட்கும் முன்பே போட்டிருந்தேன். படிவத்தை அக்காவின் முன்னால் தள்ளி, “கையெழுத்துப் போடுங்கக்கா, முடிஞ்சுது. நமக்கு எதுக்கு வம்பு” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு தன் வலது கையை மேஜை மேல் வைத்தார். மருந்தை அளந்து விடுகிற பைப்பெட்டை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் மூட்டு புடைத்த கை அது.

“என் கை தப்பு பண்ணல சார்” என்றார். “அது நா சொன்னத தான் பண்ணுச்சு. இருபத்தெட்டு வருஷமா அப்புடி தான் பண்ணுது. தப்பு பண்ணது என் தலை.”

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அதற்குள் பேனாவை எடுத்து, நான் தட்டச்சு செய்த ‘கைத்தவறு’ என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். நேரான கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி. பக்கத்தில் ‘முறையின் தவறு’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டார். பிறகு என் பக்கம் படிவத்தைத் தள்ளி, “சரியா பண்ணிக்கீறனான்னு பாரு” என்றார். நான் பார்த்தேன். விதிப்படி ஒரு குறையும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் நான் நடத்திய பாடத்தின் பொருள் எனக்கே அன்றுதான் விளங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா?

மறுநாளே அவரைச் செல் அறையிலிருந்து விலக்கி உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை வேறு ஏதாவது பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று சார் சொன்னார். சரக்கு அறை, காகித வேலை என்று எதையெல்லாமோ சொல்லிப் பார்த்தார். அக்கா கழுவும் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது செல்களுக்கு எல்லாம் பிளாஸ்டிக்தான் என்றாலும் மருந்து கரைக்கிற பாட்டில்கள் இன்னும் கண்ணாடிதான். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“வேணும்னே பண்றீங்களாக்கா? யார் வாயால அந்தப் பேரக் கேட்கக் கூடாதுன்னு இருந்தீங்களோ, அவங்களுக்கே அதக் கொண்டுபோய்க் குடுக்கறீங்க” என்று கத்தினேன்.

“எனக்கு தெரிஞ்ச வேலை அது தான் மா. உக்காந்து காகிதம் பாக்க எனக்கு வராது. அது உன்ன மாதிரி ஆளுங்களுக்கு” என்றார். சிரித்தாரா என்று கேட்டால், முகமூடி போட்டிருந்தார்.

அவர் பயந்தது நடக்கவும் செய்தது. இரண்டாம் வாரம் காவலுக்கு நிற்கிறவர் முதல் மேல்மாடிக் கணக்குப் பிரிவு வரை எல்லோருக்கும் விஷயம் பரவிவிட்டது. நான் கேன்டீன் வரிசையில் நிற்கும்போது பின்னால் இருந்து ஒரு குரல், “கழுவுற குளோரியா மறுபடி கழுவவே போய்ட்டா” என்றது. திரும்பி வாங்கு வாங்கென்று வாங்கினேன். பருப்புச் சாம்பாரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆள் அசையாமல் நின்றார். ஆனால் அக்கா இரண்டு மேஜை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. ரசத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பிறகு அவரைப் பார்க்கப் போனபோது, “வலிக்குது மங்கா. வலிக்கலன்னு சொன்னா அது பொய்” என்று மட்டும் சொன்னார்.

பதினோரு வருஷத்தைத் தோண்டும் வேலை என்னிடம் வந்தது. பதிவேடுகளைக் கழுவும் அறைக்கே தூக்கிக்கொண்டு போனேன். தினமும் மூன்று மணிக்கு மேல் அக்கா பாட்டில்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். எந்தெந்த சாம்பிளுக்கு வாசனை இருந்தது என்று பதிவேட்டில் இருக்காது. ஆனால் அக்காவுக்கு நினைவிருந்தது. “இது தைலம், மூடிய தொறந்தா கண்ணு எரியும். இது பல்லு ஜெல்லு, சோம்பு வாசனை. இது ஒண்ணும் இல்ல, வெறும் உப்புத்தண்ணி, விடு.” முப்பத்தொரு அறிக்கைகள் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தன. சாம்பிளை இரண்டு வருஷம்தான் வைத்திருப்போம். ஆகவே ஒன்பதைத்தான் மறுபடி செய்து பார்க்க முடிந்தது. ஸ்னேஹா செய்தாள். ஆறில் முடிவு மாறவில்லை. மூன்றில் மாறியது; அவற்றைத் திரும்பப் பெற்றோம். மிச்சம் இருபத்திரண்டு அறிக்கைகளுக்கு உரிய கம்பெனிகளுக்கும் ‘எங்கள் முடிவை நம்ப வேண்டாம்’ என்று கடிதம் எழுதினேன். அப்படி ஒரு கடிதம் எழுதுவது எப்படி என்று எங்கள் கையேட்டில் எங்கேயும் இல்லை. ஒரு கம்பெனி உறவையே முறித்துக்கொண்டது. பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. கிராம்புக்காரர்கள் மட்டும் எண்ணெயைக் குறைத்து மறுபடி அனுப்பினார்கள்.

பிப்ரவரி கடைசியில் விசாரணை முடிந்தது. வாசனை உள்ள சாம்பிளைப் பொறுத்தவரை குளோரியா பிளேட் ரத்து. அக்கா புதிதாகச் சேர்ந்தவர் மாதிரி தேர்வு எழுதி, பெயர் மறைத்த மூன்று சாம்பிள்களைச் செய்து காட்ட வேண்டும். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. கூடத்தில் தகுதியுள்ள எல்லோருடைய படிவத்திலும் மேற்பார்வையாளர் என்ற இடத்தில் குளோரியா அக்காவின் கையெழுத்துதான் இருந்தது. யாரைப் போடச் சொல்வது என்று நானும் சாரும் ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் ஸ்னேஹா போட்டாள். போடும் முன் பேனாவைத் தாளில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். “கோணலா போடாத, அலர்மேல் மேடம் திருப்பி அனுப்பிடுவாங்க” என்றார் அக்கா. மூன்று சாம்பிளும் சரியாக வந்தன. கிராம்புக்காரர்களின் புதிய திரவத்தையும் அவரே தனி பிளேட்டில் செய்தார். எண்பத்தொன்று. அந்த எண்ணை அவர் தாளில் எழுதிய பிறகும் வெகுநேரம் பேனாவை மூடவில்லை.

மிச்சம் இருந்தது அந்தக் கண்ணாடிச் சட்டம்.

ரத்தான எந்த ஆவணமும் சுவரில் இருக்கக் கூடாது என்பது விதி. எடுக்க வேண்டியவள் நான். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு சனிக்கிழமை, அவர் வருவதற்குள் எடுத்து உள்ளே வைத்துவிடலாம், கண்ணில் படாமலாவது போகட்டும் என்று சீக்கிரமே போனேன். அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். சட்டத்தைக் கழற்றி மேஜை மேல் கவிழ்த்து, பின்பக்கத்து ஆணிகளை நெம்பிக்கொண்டிருந்தார்.

“குடுங்கக்கா, நா பாத்துக்கறேன். கோப்புல போட்டு வச்சர்றேன்” என்றேன்.

“கோப்புல போட்டா எவன் பாப்பான்?” என்றார்.

தாளை வெளியே எடுத்தார். பதினோரு வருஷத்தில் ஓரமெல்லாம் மஞ்சளடித்திருந்தது. பேனாவை எடுத்து, தலைப்பில் இருந்த தன் பெயரின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் பெரிய எழுத்தில், வாசனை உள்ள சாம்பிளுக்கு இந்த முறை கூடாது, ஆவி பக்கத்துக் குழியில் இறங்கி ஒப்பிடும் செல்லைக் கொல்லும் என்று எழுதினார். கையெழுத்து. தேதி. தாளைத் திரும்பச் சட்டத்துக்குள் வைத்து, கண்ணாடியைத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். பிறகு முகமூடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ரத்தான ஆவணம் சுவரில் இருக்கக் கூடாது என்ற விதியை அன்றைக்கு முதல் தடவையாக நான் கண்டுகொள்ளவில்லை. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாடத்தை அந்தச் சட்டத்துக்கு முன்னால் நிற்கவைத்துத்தான் நடத்துகிறேன். யாரும் கொட்டாவி விடுவதில்லை. உள்ளே முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்தான் அந்தக் குளோரியா என்று நான் சொல்வதில்லை; அவர்களே கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை தோறும் அவர் கண்ணாடியைத் துடைக்கிறார். கோட்டுக்கு அடியில் இருக்கும் பெயர் நன்றாகவே படிக்கத் தெரிகிறது.